மேயவிடாத புல்

மேய்ச்சல் நிலத்துக்கு உரம் போடுவதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ, எந்த ஈரத்துக்கு எந்த உரம் என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பண்ணையில் ஒரு பங்குனி மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் வேலைக் காலத்தில் நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால், அந்தப் பருவத்தில் என்னோடு நின்றவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். வேளாண்மை படித்துவிட்டு, மேச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கால்நடைப் பண்ணையில் தீவனப் பிரிவுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன். கறவை மாடுகள் ஒரு பக்கம், செம்மறிப் பட்டி ஒரு பக்கம், நடுவே கிளுவை வேலி போட்ட பெரிய மேய்ச்சல் காடு. அந்தப் பக்கத்தில் காடு என்றால் வனம் இல்லை, மழையை நம்பிய நிலம். கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமுமாகக் கிடக்கும்.

பண்ணையின் முதலாளி ஒரு பெண். கணவர் இறந்த பிறகு தானே எடுத்து நடத்தினார். பால் வண்டிக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னை அவர் 'அம்மணி' என்று கூப்பிடுவார். என் ஆத்தூர்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தால், "அந்தப் புள்ள பேசறது உங்களுக்குப் புரியுதில்ல? அப்பறம் என்ன சிரிப்பு?" என்று அடக்குவார்.

அந்த வருடத்துக்கு முன்னால் இரண்டு வருடம் மழை ஏமாற்றியிருந்தது. புல் தூர் மட்டும் உயிரோடு இருந்தது. மாடுகள் ஒரு விநோதப் பழக்கத்துக்கு வந்திருந்தன. செருப்பு, துணி, எலும்பு, எது கிடந்தாலும் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டு நிற்கும். மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தால் புல்லில் குறையும், புல்லில் குறைந்தால் மாடு அதை எங்கேயாவது தேடும். அதனால் கோடை மழைக்கு முன்னால் காடு முழுக்க சூப்பர் பாஸ்பேட் தூவ வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். சரி என்றார்.

இதற்கிடையில் அக்காவின் தம்பி வந்தார். நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். அக்காவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் அவருக்குத்தான் அந்த வீட்டில் அப்போது முதல் மரியாதை. விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னார்: "எதுக்குக்கா மூட்டை மூட்டையா வாங்கறே? என்ற பண்ணையில கோழி எரு மலையாட்டங் கெடக்குது. மூணு லாரி அனுப்பிச்சுடறேன். உன்ற காட்டுக்கு என்ற சீருன்னு வெச்சுக்கோ."

எனக்கும் சந்தோஷம்தான். கோழி எருவில் தழைச்சத்தும் உண்டு, மணிச்சத்தும் உண்டு. எரு வந்தால் சூப்பர் பாஸ்பேட் பாதி போதும் என்று கணக்குப் போட்டேன்.

எரு வருவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தைய நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அங்கே உரக்கடை வைத்திருந்த பாய் எங்களுக்குப் பழக்கமானவர். சூப்பர் பாதி போதும் பாய், அதுவும் அடுத்த வாரம் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மத்தியானத்துக்கு மேல் பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று லாரியும் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றன. மேற்கே மேகம் கறுத்திருந்ததால் தம்பி அவசரப்பட்டுத் தானே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு லாரி எருவை டிராக்டர் டிரெய்லரில் மாற்றி, மேய்ச்சல் காட்டின் கிழக்குத் துண்டில் அதற்குள் இறைத்தே முடித்துவிட்டார்கள்.

நான் கிழக்குத் துண்டுக்குள் நடந்தேன். எரு நன்றாகக் காய்ந்து பொடியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் காலடியில் என்னவோ நெறுநெறுத்தது. குனிந்து பார்த்தால் ஒரு கோழி. தட்டையாக நசுங்கி, இறகும் எலும்புமாக எருவோடு ஒட்டிக் கிடந்தது. நாலு எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் ஒரு கால், ஒரு நெஞ்செலும்பு. மண்வெட்டியால் இறைத்ததில் துண்டு துண்டாகியிருந்தன. இறக்காத லாரியில் ஏறிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

"இதென்னங்க, செத்த கோழி கிடக்குது?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"வெயிலுக்குச் செத்ததுங்க மேடம். மாசியிலிருந்தே போட்டுத் தாளிக்குதுல்ல. ஆளுக கூண்டுக்கடியில தள்ளி உட்டுடுவாங்க. மக்கிப் போயிரும். அதுவும் எருதானுங்களே."

தோட்டத்துக்குப் போட்டு உழுவதாக இருந்தால் அவர் சொன்னது பெரிதாகத் தவறில்லை. ஆனால் இது உழாத நிலம். மேலே போட்டது மேலேதான் கிடக்கும். அதன் நடுவே புல் முளைக்கும், அந்தப் புல்லைத் தேடி எலும்பு தின்னப் பழகிய மாடுகள் வரும்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அரசு மருத்துவமனையில் இருந்தவர். எதையும் கூட்டியும் குறைத்தும் சொல்லாத மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பொட்டுலிசம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். "செத்த உடம்பு அழுகும்போது உண்டாகுற விஷம். மாடு தின்னா கால் விழுந்துடும், நாக்கு தொங்கிடும், முழுங்க முடியாது. காய்ச்சல்கூட இருக்காது. நம்ம கையில மருந்துன்னு எதுவும் கிடையாது."

"இதுல அது இருக்குமா சார்?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் ஒரு கேஸ்கூட நேர்ல பார்த்ததில்லை. என் சீனியர் ஒருத்தர் பார்த்திருக்கார். ஒரே பண்ணையில வரிசையா விழுந்துச்சாம். ஆமான்னோ இல்லைன்னோ என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

போனை வைத்துவிட்டு நின்றேன். டிராக்டர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் குப்புசாமி இரண்டாவது லாரிக்கு டிரெய்லரைத் திருப்பிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு என்னையும் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

தம்பியின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க மேடம், என்ற பண்ணையில சீக்குங்கறீங்களா?"

"சீக்குன்னு சொல்லலைங்க. செத்ததைத் தனியா எடுக்காம மேய்ச்சல் காட்டுல போடறது ஆபத்துன்னு சொல்றேன்."

"நான் அக்காவுக்கு விஷத்தக் கொண்டாந்திருக்கேன்னு சொல்றீங்க. அதானே?"

அதற்குள் யாரோ சொல்லி அக்கா வந்துவிட்டார். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தம்பியையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், முதலில் கிழக்குத் துண்டுக்குள் போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மாடு சாகுமா அம்மணி?"

"தெரியலைங்கக்கா. டாக்டருக்கும் தெரியலை. வராமலே போகலாம். வந்தா நிறுத்த முடியாது."

"அந்தத் துண்டுல கொட்டினதை?"

"உழுது புதைக்கலாம். ஆனா இப்போ உழுதா உயிரோட இருக்கற புல் தூரும் சேர்ந்து போயிடும். மழையில மண்ணும் அரிச்சுக்கிட்டுப் போகும். இப்போதைக்கு முள்ளு வெட்டி அடைச்சுடலாங்க. இந்த வருஷம் அதுக்குள்ள ஒரு ஆடு மாடு போகக் கூடாது. அங்கே அறுத்த புல்லையும் போடக் கூடாது."

அக்கா தம்பியின் கையைப் பிடித்தார். "சாமி, நீ நல்ல மனசோடதான் கொண்டாந்தே. ஆனா இந்தப் புள்ள கையிலதான் நான் காட்டைக் குடுத்திருக்கேன்."

தம்பி கையை உருவிக்கொண்டார். லாரிகளைத் திருப்பச் சொன்னார். போகும்போது, "கல்யாணத்துக்கும் இந்த மேடத்தையே மொறை செய்யச் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எங்கே பட்டது என்பது அக்காவின் முகத்தில் தெரிந்தது. தாய்மாமன் இல்லாத கல்யாணத்தை அந்த ஊரில் யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எருவும் போய்விட்டது. மழை வந்துவிட்டால் காடு வெறுமனே நனையும். காலையில் பாதி போதும் என்று சொன்ன வாயாலேயே பாய்க்குப் போன் போட்டேன். "பாய், முழு சூப்பரும் வேணும். மழைக்கு முன்னாடி வேணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "ஜும்மா முடிஞ்சு ஆளுங்க இப்பத்தாம்மா கடைக்கு வந்திருக்காங்க. ஏத்திடச் சொல்றேன். பொழுது விடியறப்போ வண்டி உங்க வாசல்ல நிக்கும்" என்றார். சொன்னபடி நின்றது. மேகம் அன்று ஏமாற்றிவிட்டு மேட்டூர்ப் பக்கம் ஒதுங்கிப் போயிருந்ததால் எங்களுக்கு அவகாசம் கிடைத்தது. கிழக்குத் துண்டை விட்டு மீதிக் காடு முழுவதும் தூவி முடித்தோம். அதற்கப்புறம்தான் மழை இறங்கியது. இரண்டு வருடமாகக் காத்திருந்த மழை.

பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது.

மீதிக் காட்டில் புல் நிதானமாகத்தான் துளிர்த்தது. கிழக்குத் துண்டில் கோழி எரு தன் வேலையைக் காட்டிவிட்டது. முள்ளுக்கு அந்தப் பக்கம் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல், காற்றில் அலையலையாகப் புரண்டது. இந்தப் பக்கம் ஆடுகள் கட்டாந்தரையை நக்கிக்கொண்டு நின்றன. காலையில் பால் கறக்க வருபவர்கள், மேய்ப்பவர்கள், வழியில் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் புல்லைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "கண்ணு முன்னால சோத்தை வெச்சுட்டுப் பட்டினி போடறாங்க" என்று ஒரு பெண் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எலும்பைப் பொறுக்கிவிடலாம் என்று ஆட்களை விட்டுப் பார்த்தேன். மழையில் எல்லாம் சேற்றோடு அமுங்கியிருந்தது. எடுத்ததைவிட எடுக்க முடியாததுதான் அதிகம்.

ஒரு நாள் காலையில், இன்னும் கன்று போடாத ஒரு செவலைக் கிடாரி முள்ளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நாங்கள் பார்க்கும்போது வயிறு முட்டத் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு நின்றது. தனியாகக் கட்டி வைத்தேன். டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் காலையும் மாலையும் அதன் நாக்கை இழுத்துப் பார்ப்பேன், எழுப்பி நடக்கவிட்டுப் பார்ப்பேன். நாக்கை இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றும் ஆகவில்லை.

"மேடம், கல்லாட்டம் நிக்குதுங்க" என்றார் குப்புசாமி. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "இன்னும் என்னத்துக்குங்க முள்ளு?"

அந்த இரண்டு வாரத்தில் நான் சரியாகத் தூங்கியதில்லை. கிடாரி விழுந்தால் பாவம். விழாவிட்டால் நான் ஒரு குடும்பத்தை ஒன்றுமில்லாததற்குப் பிரித்துவிட்டேன் என்று அர்த்தமாகும் போலிருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க அக்கா நாமக்கல் போய்விட்டு வந்திருந்தார். தம்பி பத்திரிகையை வாங்கிக்கொண்டாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். காரை விட்டு இறங்கிய அக்காவின் கண் சிவந்திருந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று நானே அவரிடம் போனேன்.

"அக்கா, கிடாரிக்கு ஒண்ணும் ஆகலை."

"கேள்விப்பட்டேன். இப்போ உன்ற மனசுல என்ன அம்மணி? முள்ளை எடுத்துடலாமா?"

எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் ஆட்டுக்குப் புல், தம்பிக்கு மானம், அக்காவுக்குத் தம்பி, எல்லோருக்கும் எல்லாம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஒரு கிடாரி தின்ற இடத்தில் எலும்பு இருந்ததா, இல்லையா? அது புல்லை மட்டும் தின்றதா? எனக்குத் தெரிந்தது எருவைப் பார்த்த அன்று எவ்வளவோ, கிடாரி தப்பிய பிறகும் அவ்வளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஒரு மாடு தப்பிச்சதுக்காக நான் மாத்திச் சொல்ல முடியலைங்கக்கா. வேண்டாம்னுதான் தோணுது. ஆனா இது உங்க காடு, உங்க தம்பி. நீங்க எடுக்கச் சொன்னா நான் வருத்தப்பட மாட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் தன் கை வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்ப இருக்கட்டும். முள்ளு காஞ்சு விழுந்துட்டா புதுசா வெட்டிப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தம்பியின் கார் பண்ணைக்குள் வந்தது. வீட்டுப் பக்கம் போகாமல் நேராகக் காட்டுப் பக்கம் வந்து நின்றது. இறங்கியவர் என்னைப் பார்த்து, "அந்தப் புல்லைப் பார்க்கோணும்" என்றார். பேச்சில் காரம் அப்படியே இருந்தது.

முள்ளை விலக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். புல் இடுப்பளவு நின்றது. "இதையா மேய்க்க மாட்டேங்கறீங்க? இத்தன புல்லு இந்த ஜில்லாவுலயே இல்ல" என்றார். அதே செவலைக் கிடாரி வேலிக்கு வெளியே நின்றிருந்தது. கழுத்தை முள்ளுக்குள் விட்டு எதையோ எட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரே அவ்வளவு புல் இருக்க, அதைத் தொடவில்லை. தரையோரத்தில் நாக்கை நீட்டி நீட்டி, கடைசியில் ஒரு வெள்ளைத் துண்டைக் கவ்விக்கொண்டது. தலையைத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, எச்சில் வழிய வழியக் குதப்ப ஆரம்பித்தது.

"என்ன திங்குது அது?"

"எலும்புங்க. கோழி எலும்பு."

"மாடு எங்காச்சும் எலும்பு திங்குமா?"

"நம்ம மண்ணுல மணிச்சத்து குறைவுங்க. இந்த மாடுங்க தேடித் தேடித் திங்குதுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி வெளியே போனார். கிடாரியின் தாடையைப் பிடித்து வாய்க்குள் கைவிட்டு அந்த எலும்பைப் பிடுங்கப் பார்த்தார். அது விடவில்லை. அவர் இழுக்க, அது இழுக்க, கடைசியில் பாதி எலும்பு அவர் கையில் வந்தது, பாதியை அது விழுங்கிவிட்டது. கையெல்லாம் எச்சிலாக அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவர் நின்றார். கிடாரி அவர் கையையே முகர்ந்துகொண்டு, இன்னும் கிடைக்குமா என்று கூடவே வந்தது.

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"அக்கா, செத்த கோழியப் போடத் தனியா குழி வெட்டச் சொல்லிடறேன்" என்றார். "நாளைக்கே வெட்டிருவாங்க." கொஞ்சம் பொறுத்து, "பொண்ணுக்குப் பட்டு எடுத்தாச்சா? எடுக்கலீன்னா நாந்தான் எடுப்பேன்" என்றார்.

அக்கா அழுதுவிட்டார். நான் அங்கே நிற்க வேண்டியதில்லை என்று கிளம்பிவந்து, வேலியை இன்னும் பத்தடி தள்ளிப் போட ஆட்களைக் கூப்பிட்டேன். அந்தக் கிடாரியை மறுபடியும் தனியாகக் கட்டினேன். அதற்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாலைந்து கன்று போட்டு, நன்றாகக் கறந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆடி மாதம் கிழக்குத் துண்டை ஆழமாக உழுது ஆமணக்கு போட்டோம். மறு வருடம் புல் விதைத்தோம். தம்பியின் பண்ணையிலிருந்து அதற்குப் பிறகும் எரு வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அவரே எனக்குப் போன் போடுவார். "மேடம், ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிட்டீங்கன்னா ஏத்திருவேன்" என்பார். போய்க் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வருவேன்.

நீங்கள் கேட்பீர்கள், அந்த எருவில் விஷம் இருந்ததா என்று. எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு மாடும் விழவில்லை. முள் போட்டதால் விழவில்லையா, போடாவிட்டாலும் விழுந்திருக்காதா என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. இந்த வேலையில் நீங்கள் நன்றாகச் செய்த பல காரியங்களுக்கு அத்தாட்சி கிடைக்காது. அப்போது உங்களுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். ஏன் என்று கேட்காமல் மூட்டை ஏற்றி அனுப்பிய பாய், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டர், கையில் எச்சிலோடு மனசை மாற்றிக்கொண்ட அந்தத் தம்பி, இவர்களெல்லாம் எனக்குக் கிடைத்தார்கள்.

அக்காவிடம் மட்டும் ரொம்ப நாள் கழித்து ஒருமுறை கேட்டேன். அப்போது அவருக்கு உடம்பு தளர்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு என்னை எப்படிக்கா நம்பினீங்க? எனக்கே தெரியலைன்னுதானே சொன்னேன்?"

"அதனாலதான்" என்றார் அக்கா. "அப்போ அத்தனை பேரு என்றகிட்டப் பேசினாங்க. எல்லாரும் தெரியும் தெரியும்னாங்க. நீ ஒருத்திதான் தெரியலைன்னுட்டு, அப்பறமும் நின்ன எடத்த விட்டு நகரலை."